கோடை விடுமுறையில் சிறுவர் கைவண்ணம்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பள்ளிக்கூடங்களின் கதவுகள் சாத்தப்படுகின்றன. கேரளத்தில் ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களும் சிறுவர்களுக்கு விடுமுறைக் காலம். ஜூன் முதல் நாளை ஒட்டிப் பள்ளியும் மழைக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். அதுவரை, திருவனந்தபுரத்தில் கரமனையிலும் கோட்டையகத்துத் தெருக்களிலும் சாலைக் கடைவீதியை அடுத்த வீடுகளிலும் வாழும் தமிழ்த் தாய்மார்கள் அனைவருக்கும் ஒரே கவலைதான். 60 நாட்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே சென்றால் வெயில். வீட்டில் இருந்தால் ஓயாத சண்டை. அல்லது கண் இமைக்காமல் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருத்தல்.

இந்நிலையில் சித்திரமும் கைவேலையும் நல்ல துணை என்பதைப் பலரும் அறிவர். ஆனால், அவற்றை எப்படித் தருவது என்பதில்தான் தவறிவிடுகிறோம். கடையில் ஒரு வண்ணப் புத்தகம் வாங்கிவந்து, அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் வெளியே வழியாமல் தீட்டச் சொல்கிறோம். அல்லது, இரு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை என்று நாம் வரைந்து காட்டி, அதைப் போலவே வரை என்கிறோம். குழந்தை அதைப் போலவே வரைந்து தருகிறது. நாமும் மகிழ்கிறோம். அந்தப் படத்தில் குழந்தையினுடையது என்று சொல்ல யாதொன்றும் இல்லை என்பது நம் கண்ணில் படுவதில்லை.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தவர் ராஜா ரவிவர்மா. சிறு பிள்ளையாக இருந்தபோது அவர் அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் அன்றாட வாழ்க்கைக் காட்சிகளையும் வரைந்து வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வெள்ளைச் சுவர் கறுத்துப்போனது கண்டு மற்றவர்கள் சினந்திருக்கலாம். அவருடைய தாய்மாமன் ராஜராஜவர்மாவோ சுவரில் அழுக்கைக் காணவில்லை, சித்திரத்தைக் கண்டார். அவரே முதற்கல்வி அளித்து, 1862ஆம் ஆண்டில் 14 வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவந்து, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரசவைக்கு அறிமுகப்படுத்தினார். அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை நாடு அறியும்.

இதனையொத்த மற்றொரு செய்தியும் உண்டு. 1902ஆம் ஆண்டு காயங்குளத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் பயின்றவர் கேலிச்சித்திரக்காரர் சங்கர். பள்ளிப் பருவத்தில், வகுப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரை அவர் வரைந்துவிட்டார். தலைமையாசிரியர் கடுங்கோபம் கொண்டார். ஆயினும், அவருடைய மாமன் அப்படத்தில் இருந்த திறமையைக் கண்டு ஊக்கம் அளித்தார் என்று கூறுவர். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் டில்லியில் 1949ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான சித்திரப் போட்டியைத் தொடங்கி, உலகத்துப் பல நாடுகளின் சிறுவர்களையும் அதில் ஒன்றுசேர்த்தார். 1957இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவியவரும் அவரே.

எல்லாக் குழந்தைகளும் ரவிவர்மாவாகவோ சங்கராகவோ ஆகிவிடப் போவதில்லை. ஆகவேண்டும் என்ற தேவையும் இல்லை. இவ்விரு கதைகளிலும் நாம் கவனிக்க வேண்டியவர்கள் அந்த மாமன்மார்களே. சிறுவனின் கையில் பிறந்ததைப் பெரியவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

வியன்னா நகரத்து ஓவியர் பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897ஆம் ஆண்டிலேயே சிறுவர்களுக்கென ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பெரியவர்களைப் பார்த்து எழுதச் செய்யாமல், குழந்தைகள் தம் மனத்தில் உள்ளதைத் தாமே வெளியிடுமாறு விட்டுவிட்டார். குழந்தையின் ஓவியம் பெரியவர் ஓவியத்தின் குறைபட்ட வடிவம் அன்று. அது தனக்கென ஓர் ஒழுங்கு உடையது என்பது அவர் கொள்கை. அதே வியன்னாவில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவென்பெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் இந்த ஒழுங்கைப் படிப்படியாக விளக்கினார்.

இரண்டு வயதுக் குழந்தை கிறுக்குகிறது. நான்கு வயதை நெருங்கும்போது ஒரு வட்டமும் அதிலிருந்து நேராகக் கிளம்பும் இரு கால்களும் தோன்றுகின்றன, அது அம்மா. ஏழு, எட்டு வயதில் காகிதத்தின் அடியில் ஒரு கோடு, அது பூமி. மேலே ஒரு நீலப் பட்டை, அது வானம். வீட்டை வரைந்தால் சுவருக்கு உள்ளே இருக்கும் அடுப்பும் பாட்டியும் வெளியே தெரிவார்கள். விரும்பிய பொருள் பெரிதாகவும் விரும்பாதது சிறிதாகவும் இருக்கும். இவை பிழைகள் அல்ல. தனக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைகிறது. கண்ணுக்குத் தெரிவதை அல்ல.

ஒன்பது, பத்து வயதில் ஒரு திருப்பம் நேர்கிறது. கண் கூர்மையடைகிறது, கை அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. தான் வரைந்த பசு பசுவைப் போல இல்லை என்பது குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது. அப்போது பக்கத்தில் உள்ளவர் சிரித்துவிட்டால், அல்லது பரிசு பெற்ற அண்டை வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட்டுவிட்டால், ‘எனக்கு வரையத் தெரியாது’ என்ற சொல் பிறக்கிறது. பிறகு அந்தப் பென்சில் கீழே வைக்கப்படுகிறது. பலர் வாழ்நாள் முழுவதும் அதை மீண்டும் எடுப்பதே இல்லை. தொடக்கப் பள்ளிச் சிறுவர்களின் கோடைக் கைவேலை வெறும் பொழுதுபோக்கு அன்று என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான். அந்தச் சொல் பிறக்குமுன் அவர்களுக்குத் தம் கையில் நம்பிக்கை ஏற்பட வேண்டும்.

ஆதலின் பெரியவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை சில. பொருளும் இடமும் நேரமும் கொடுங்கள். மாதிரிப் படம் கொடுக்காதீர்கள். குழந்தையின் படத்தில் உங்கள் கை பட வேண்டாம்; மூக்கு கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். ‘இது என்ன? யானையா, எருமையா?’ என்று வினவுவதைவிட, ‘இதைப் பற்றிச் சொல்லு மக்களே’ என்று கேட்பது நன்று. குழந்தை சொல்லும் கதை படத்தைவிடப் பெரிதாக இருக்கும். தரையில் பழைய பாயை விரித்து, பழைய சட்டையை அணிவித்துவிட்டால், அழுக்காகுமே என்ற அச்சமும் ஒழியும்.

இனி, இவ்வூரில் செலவின்றிக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று காண்போம்.

முதலாவது, வண்ணங்கள். கேரளத்துக் கோயில்களில் பத்ரகாளி, நாகர் முதலிய தெய்வங்களின் உருவைத் தரையில் பொடிகளால் வரையும் களமெழுத்து என்னும் கலை உண்டு. அதற்கு ஐந்து வண்ணங்களே. வெள்ளைக்கு அரிசிமாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு வாகை அல்லது மஞ்சாடி மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பொடி, சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த கலவை. ஐந்தில் நான்கு சமையலறையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு வெளியே போகாதவை.

மஞ்சள் சிவப்பாவது நம் வீடுகளுக்குப் புதிதன்று. ஆலம் சுற்றும் தட்டில் அன்றாடம் காண்பதே. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். குழந்தையின் முன்னால் மூன்று கிண்ணங்களில் மஞ்சள் நீரை வைத்து, ஒன்றில் ஆப்பச்சோடாவும், ஒன்றில் எலுமிச்சைச் சாறும் விட்டு, மூன்றாவதை அப்படியே விடுங்கள். சங்குபுஷ்பத்தை வெந்நீரில் ஊறவைத்தால் நீல வண்ணம் கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு இட்டால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் கை சிவக்கும். செம்பருத்திப் பூவைக் காகிதத்தில் தேய்த்தால் ஊதா வரும். அதன்மேல் புளிப்புச் சாற்றைத் தூரிகையால் தொட்டு எழுதினால் சிவந்த எழுத்துத் தோன்றும். சுண்ணாம்பை மட்டும் பெரியவரே கையாள வேண்டும். அது கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். சிறுவர்களுக்கு ஆப்பச்சோடாவே போதும்.

திருவனந்தபுரத்து மேட்டு நிலங்களில் உள்ள செம்மண்ணும் ஒரு வண்ணமே. ஒரு பிடி மண்ணை நீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்தால் மணல் அடியில் தங்கும். மேலே உள்ள கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் தெளிந்த நீரை வடித்துவிட்டால் வெண்ணெய் போன்ற காவிக் குழம்பு எஞ்சும். அதில் சோற்றுக்கஞ்சியோ வேப்பம்பிசினோ கலந்தால் காகிதத்தில் பிடித்துக்கொள்ளும். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்களில் உள்ளவை போன்ற கேரளச் சுவரோவியங்களுக்கும் செம்மண் காவியும், விளக்குப் புகைக்கரியும், சுண்ணாம்பு வெள்ளையும், வேப்பம்பிசினும் பயன்பட்டன. தன் கையிலுள்ள மண் அந்தச் சுவரில் உள்ள மண்ணின் இனமே என்று அறியும் குழந்தை, அந்த அரண்மனைக்குப் போகும் நாளில் வேறு கண்ணோடு பார்க்கும்.

இரண்டாவது, அச்சுப் பதித்தல். வரையத் தயங்கும் குழந்தைக்கு இது மிகவும் ஏற்றது. ஏனெனில், இதில் கோணல் என்பதே இல்லை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டுப் பதித்தால் ஐந்து மூலைப் பூ தோன்றும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் அதனுள் அறை அறையாக அமைந்த துளைகள் வலைபோல் பதியும். பலா, மா, அரசு ஆகியவற்றின் இலைகளின் அடிப்பக்கத்தில் வண்ணம் பூசிக் காகிதத்தில் அழுத்தினால் நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும். ஒரே அச்சை வரிசையாகவும், மாறி மாறியும், வட்டமாகவும் பதித்துப் பார்க்கும் சிறுவன் கணக்கையும் கோலத்தையும் ஒருங்கே கற்றுக்கொள்கிறான். கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும். பதிக்கும் வேலை பிள்ளைகளுடையது.

மூன்றாவது, வெயிலால் படம் எழுதுதல். நம்மை வருத்தும் கோடை வெயிலையே ஓவியனாக்கும் வித்தை இது. 1842ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல், பூக்களின் சாறு பூசிய காகிதத்தில் சூரிய ஒளியால் படங்கள் தோன்றச் செய்வது பற்றி ஆராய்ந்து எழுதினார். நமக்கு மஞ்சள் போதும். மஞ்சள்தூளைச் சிறிது ஸ்பிரிட்டில் கலந்து துணியில் வடிகட்டிக் கொள்க. இதனைப் பெரியவர் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் செய்ய வேண்டும். அந்தச் சாற்றைத் தடித்த வெள்ளைக் காகிதத்தில் பூசி, இருட்டறையில் உலர்த்துக. பிறகு அதன்மேல் ஒரு பெரணி இலையையோ, குழந்தையே கத்தரித்த காகித உருவத்தையோ வைத்து, விளிம்பு மழுங்கிய கண்ணாடித் தகட்டால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். ஒளி பட்ட இடம் வெளிறிப்போகும். இலையின் கீழ் உள்ள இடம் மஞ்சளாகவே நிற்கும். வெயிலின் கடுமையைப் பொறுத்துச் சில மணி நேரமோ, ஒரு நாளுக்கு மேலோ ஆகலாம். எடுத்தபின் ஆப்பச்சோடா கரைத்த நீரை மெல்லத் தடவினால் மஞ்சள் உருவம் செம்பழுப்பாக மாறும். இப்படம் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும்; ஆதலின் புத்தகத்துக்குள் வைப்பது நல்லது. இவ்வூரில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் இடியும் மழையும் வருவதுண்டு. ஆகவே காலையிலேயே தொடங்கிவிடுவது உசிதம்.

நான்காவது, தென்னையும் கமுகும் தரும் பொருள்கள். தென்னங்கீற்றில் பந்து, பாம்பு, காற்றாடி, பீப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாம் முடையத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் பார்த்துச் செய்தல் தவறில்லை. ஏனெனில், ஓலையின் மடிப்பு கையிலிருந்து கைக்கே செல்ல வேண்டிய கல்வி. பாட்டியும் பேரனும் திண்ணையில் அமர்ந்து முடையும் ஒரு முற்பகலை எந்த வகுப்பும் தர இயலாது. முடையக் கற்றபின், அந்தப் பாம்புக்கு எத்தனை தலை, காற்றாடிக்கு என்ன வண்ணம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். உதிர்ந்த கமுகம்பாளையைக் கழுவி உலர்த்தினால் முகமூடி செய்யலாம். சிரட்டை ஆமையாகும், இரண்டு சேர்ந்தால் தாளம் ஆகும்.

ஐந்தாவது, காகிதக்கூழ். பழைய செய்தித்தாளைக் கிழித்து, ஒரு கை வெந்தயத்தோடு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் அரைத்தால் பிசுபிசுப்பான கூழ் கிடைக்கும். கவிழ்த்து வைத்த பாத்திரத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்தி, அதன்மேல் கூழை ஒரே கனமாக அப்பி வெயிலில் காயவைத்தால் இரண்டு மூன்று நாட்களில் கிண்ணமாகக் கழன்று வரும். நம் பாட்டிமார்கள் இவ்வாறே கூடைகள் செய்து அரிசியும் பருப்பும் இட்டு வைத்தார்கள். வெந்தயத்தின் வழவழப்புத்தான் அதற்குப் பசை. காத்திருத்தல் என்னும் அரிய பழக்கத்தை இந்த வேலை சிறுவர்களுக்குக் கற்பிக்கிறது.

வீட்டு வேலையோடு நகர உலாவும் சேர வேண்டும். அருங்காட்சியக வளாகத்துக்கு ஒரு நாள் காலையில் அழைத்துச் செல்லுங்கள். சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்து 1880இல் முடிவுற்ற நேப்பியர் அருங்காட்சியகத்தின் சுவர்களில் வண்ணங்கள் பட்டை பட்டையாக மாறி மாறி வருவதைக் குழந்தைகள் எண்ணிப் பார்க்கட்டும். அதே வளாகத்தில் 1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீ சித்திரா கலைக்கூடம் இருக்கிறது. ரவிவர்மாவின் ஓவியங்களையும் அவ்வளாகத்திலேயே காணலாம். எல்லாப் படங்களையும் காட்டி முடித்துவிட வேண்டும் என்று விரையாதீர்கள். ஒரே ஒரு படத்தின் முன் நின்று, ‘இதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?’ என்று கேட்டால் போதும். பிறகு அடுத்துள்ள விலங்குக் காட்சிசாலைக்குப் போய், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் பிடித்த விலங்கை அங்கேயே வரையட்டும். விலங்கு ஓரிடத்தில் நிற்காது. ஆகவே படமும் முடியாது. முடியாத படங்கள் நிறைந்த நோட்டே நல்ல நோட்டு.

இறுதியாக, பலர் கூடிச் செய்யும் வேலை ஒன்று. தெருவிலுள்ள எட்டுப் பத்துச் சிறுவர்களைச் சேர்த்து, முற்றத்திலோ மொட்டை மாடியிலோ அவர்களே ஒரு பெருங்களம் வரையட்டும். நம் வீட்டுக் கோலமும் மலையாள வீட்டுப் பூக்களமும் அங்கே ஒன்றுகூடட்டும். உதிர்ந்த கொன்றைப் பூவும், செம்மண்ணும், உமிக்கரியும், அரிசிமாவும் வண்ணங்கள். மூத்தவர் ஒருவர் மேற்பார்வை செய்வார். வடிவத்தைத் தீர்மானிப்பவர்கள் சிறுவர்களே. இதில் பரிசு வேண்டாம். முதல், இரண்டாம் என்ற வரிசையும் வேண்டாம். கோயில் களத்தை வழிபாட்டின் முடிவில் அழித்துவிடுவது மரபு. காலையில் இட்ட கோலம் மாலைக்குள் காலடியில் கலைகிறது. வரைந்தது நிலைப்பதற்காக அன்று, வரைவதற்காகவே என்ற உண்மையை நம் முன்னோர் இவ்வாறு அன்றாட வழக்கிலேயே வைத்துச் சென்றிருக்கின்றனர்.

இவ்வேலைகள் யாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க முயல வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் சலிப்பும் தோன்றாது. ஒரு நாள் குழந்தை எதுவும் செய்யாமல் மரத்தடியில் அமர்ந்திருந்தால் அதையும் பொறுத்துக்கொள்க. அடுத்த நாள் வரையப்போகும் படம் அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

படங்களின் பின்புறத்தில் தேதியையும், அதைப் பற்றிக் குழந்தை சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அதன் சொற்களிலேயே எழுதி வையுங்கள். மே மாதக் கடைசியில் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, அண்டை வீட்டாரை அழைத்து, ஒவ்வொரு படத்தின் கதையையும் அதை வரைந்தவரே சொல்லும்படி செய்யலாம். முதல் வாரப் படத்துக்கும் எட்டாம் வாரப் படத்துக்கும் உள்ள வேற்றுமையைக் குழந்தையே காணும். பிறரோடு ஒப்பிடாமல் தன்னோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் அந்த அனுபவம், ‘எனக்குத் தெரியாது’ என்னும் சொல்லுக்கு நல்ல மாற்று மருந்தாகும்.

மழை தொடங்கிப் பள்ளி திறக்கும்போது புதிய பையும் புதிய குடையும் வாங்கித் தருகிறோம். அவற்றோடு, கோடையில் வரைந்த படங்களில் குழந்தையே விரும்பித் தேர்ந்த ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். சுவர் சிறிது அழுக்கானாலும் பாதகமில்லை.